வலப்பக்கத்து மூன்று பற்கள்

பல் பிடுங்கிய நாட்களையெல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். இரண்டு வருடத்தில் நான்கு நாள், ஆறு பற்கள். ஆறும் என் மனைவியின் கீழ்த்தாடைக் கடைவாய்ப் பற்கள். வலது பக்கம் மூன்று, இடது பக்கம் மூன்று. நான்கு முறையும் உத்திரமேரூர் பல் மருத்துவரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பஞ்சைக் கடித்தபடி அவள் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து வந்தாள். வீட்டுக்கு வந்ததும் டைரியில் எழுதினேன். போனவற்றை எண்ணினேனே தவிர, இனி அவள் எதை வைத்து மெல்லுவாள் என்று யோசிக்கவில்லை.

இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. முப்பத்தொரு வருடம் புள்ளியியல் துறையில் வேலை பார்த்தவன் நான். எந்த ஊரில் எத்தனை கிணறு, எத்தனை ஆடு, எத்தனை ஏக்கர் நெல் என்று எண்ணுவதுதான் பிழைப்பு. அறுவடை சமயத்தில் வயலுக்குள் கயிறு பிடித்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் கட்டி, அதற்குள் விளைந்ததை மட்டும் அறுத்து அடித்துத் தூற்றி எடை போடுவோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மேலதிகாரி சொன்னது ஒன்றே ஒன்றுதான்: கேட்டு எழுதாதே, பார்த்து எழுது. பன்னிரண்டு ஆடு என்று சொல்கிற வீட்டில் பட்டிக்குள் தலையை விட்டால் பதினேழு இருக்கும். நான் எல்லாப் பட்டிக்குள்ளும் தலையை விட்டேன். என் வீட்டுச் சமையலறைக்குள் மட்டும் விடவில்லை.

எங்கள் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்கள் சாப்பிடுவார்கள். நான் வேலையில் இருந்தவரை அவள் எப்போது சாப்பிட்டாள், எவ்வளவு சாப்பிட்டாள் என்று எனக்குத் தெரியாது. நான் ஓய்வு பெற்றபோது வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டோம். பையன் ஒரகடத்தில் தொழிற்சாலை வேலையோடு குடும்பமாக அங்கேயே இருக்கிறான். முதல் வாரமே, "நீயும் உக்காந்து சாப்பிடேன்" என்றேன்.

"எவளாவது பாத்தா சிரிப்பா."

"கதவைச் சாத்திக்கலாம்."

"பட்டப்பகல்ல கதவைச் சாத்தினா இன்னும் சிரிப்பா" என்றாள். ஆனால் உட்கார்ந்தாள். ஒரு பிளாஸ்டிக் மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலி, சரியாக ஒரு மணி. இப்படிப் பதினோரு வருடம். அந்தப் பதினோரு வருடத்தில்தான் என் ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்தது. ஆடு மாட்டை எண்ணத் தெரிந்த எனக்கு, யார் வீட்டு மருமகள் யாரோடு பேசுவதில்லை, அது எந்தக் கல்யாணத்தில் தொடங்கியது என்பதெல்லாம் தெரியாது. அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வாள். நடுவில் நல்லி எலும்பைக் கடித்து உறிஞ்சுவாள். எலும்பு உடைகிற சத்தத்தில் கதை ஒரு நிமிடம் நிற்கும். மறுபடி தொடங்கும்போது விட்ட இடம் அவளுக்குச் சரியாக நினைவிருக்கும்.

போன வருடம் சித்திரையில் அவள் உட்காருவதை நிறுத்தினாள். ஒரு நாள், "நீங்க சாப்பிடுங்க, அடுப்புல வேலை கீது" என்றாள். அடுத்த நாள் முழங்கால் வலி. அப்புறம் வெள்ளிக்கிழமை விரதம். அப்புறம் காலையிலேயே நாஷ்டா அதிகமாகிவிட்டது. அப்புறம் டி.வி. தொடர். ஐந்து காரணங்களும் தீர்ந்த பிறகு காரணமே இல்லாமல் சமையலறையிலேயே இருந்துவிட்டாள். நான் கேட்பேன்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

அவ்வளவுதான். கேட்டு எழுதிக்கொண்டேன். பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிட்டாள், வயதானால் எல்லாருமே தம் அம்மாக்களைப் போல ஆகிவிடுகிறார்கள் என்று நினைத்தேன். வேறு ஊர்க்காரனாக இருந்தால், பெண்டாட்டி தனியாகச் சாப்பிடுகிறாளே, ஏன் என்று அன்றைக்கே கேட்டிருப்பானோ என்னவோ. எங்கள் ஊரில் அது கண்ணில் படவே படாது.

ஒன்று மட்டும் காதில் பட்டது. தினமும் நான் சாப்பிட்டு எழுந்து கட்டிலில் சாய்ந்ததும், ஒன்றரை மணிக்கு, மிக்ஸி ஓடும். மூன்று தடவை, இரண்டு குட்டையாக, கடைசியாக ஒன்று நீளமாக. ராத்திரி இட்லிக்குச் சட்னி என்று நினைத்துக்கொள்வேன். நாங்கள் ராத்திரியில் இட்லி சாப்பிடுவது வாரத்துக்கு இரண்டு நாள்தான். அந்தக் கணக்கையும் நான் போடவில்லை.

மார்கழியில் ஒரு நாள், ஓய்வூதியத்துக்கு உயிரோடு இருப்பதற்கான சான்று கொடுக்கச் சாப்பிட்ட கையோடு கிளம்பினேன். பஸ் நிறுத்தம் வரை போன பிறகுதான் மூக்குக் கண்ணாடியை விட்டுவிட்டது தெரிந்தது. திரும்பி வந்தேன். மிக்ஸி ஓடி நின்றது. சமையலறை வாசலில் போய் நின்றேன். அவள் எனக்கு முதுகைக் காட்டியபடி, மிக்ஸி ஜாரிலிருந்து எதையோ சொம்பில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நான் சாப்பிட்டது கத்தரிக்காய்க் குழம்பு, அவரைக்காய்ப் பொரியல். அதெல்லாம் சோற்றோடு சேர்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு கூழாகியிருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு, மருந்து குடிப்பதுபோல அதைக் குடித்தாள்.

நான் ஏதோ சத்தம் போட்டிருக்க வேண்டும். திரும்பினாள்.

"பஸ்ஸு போயிடுச்சா?" என்றாள்.

"இன்னா இது?"

"கண்ணாடியை வுட்டுட்டுப் போனீங்களா? ஜன்னல்ல கீது பாருங்க."

"இன்னா இதுன்னு கேக்கறேன்."

சொம்பைக் கழுவும் தொட்டியில் வைத்தாள். "அரைச்சி வுட்டா வயித்துக்குத் தெரியவா போவுது? முன்னாடி பல்லுல எவ்ளோ நேரம்தான் கொறிக்கிறது. அணில் மாதிரி."

"என் எதுர்ல உக்காந்து குடிச்சா இன்னா?"

"உங்களுக்குச் சோறு எறங்காது" என்றாள். "எனக்கே கண்ணை மூடிக்கினுதான் எறங்குது."

எட்டு மாதம். சான்று கொடுக்க அன்றைக்கு நான் போகவில்லை.

மறுநாளே உத்திரமேரூருக்குக் கூட்டிப்போய், கழற்றி மாட்டுகிற பல் செட் ஒன்று செய்யக் கொடுத்தோம். மூன்றே வாரத்தில் வந்தது. பார்க்க நன்றாக இருந்தது, மெல்லத்தான் முடியவில்லை. சோறு அடியில் போய் மாட்டிக்கொள்கிறது, ஈறு உரசுகிறது, பேசினால் நழுவுகிறது என்று வரிசையாகச் சொன்னாள். கல்யாணத்துக்குப் போகும்போது மாட்டிக்கொள்வாள். பந்தியில் இலை போட்டதும் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்வாள். "ஊர்ல எல்லாரும் துன்றதுக்குப் பல்லு வச்சிக்கினு கீறாங்க, நான் காட்றதுக்கு" என்று அவளே சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செட் பொருந்தாவிட்டால் இம்ப்ளான்ட் வைக்கலாம், காஞ்சிபுரத்தில் செய்கிறார்கள் என்று அந்த மருத்துவரே சொல்லி அனுப்பினார். உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகிற வழியில் இரண்டு ஆறுகள் குறுக்கிடுகின்றன. மாகறல் பக்கம் செய்யாறு, ஓரிக்கையில் பாலாறு. இரண்டையும் தாண்டி அங்கே ஒரு பெண் டாக்டரிடம் போய் உட்கார்ந்தோம். என் மகள் வயதுதான் இருக்கும். தாடை எலும்பில் சின்னதாக ஒரு உலோக ஸ்குருவைப் பொருத்துவார்களாம். மூன்று நான்கு மாதத்தில் எலும்பு அதைச் சுற்றி இறுகிக்கொள்ளுமாம். அப்புறம் அதன்மேல் பல்லை மாட்டுவார்களாம். வலது பக்கம் இரண்டு ஸ்குரு, அவற்றின்மேல் பாலம்போல மூன்று பல். இடது பக்கமும் அப்படியே.

"எலும்புல ஸ்குருவா? நான் இன்னா மோட்டரா?" என்றாள் இவள்.

"மரத்துப்போக ஊசி போட்டுடுவோம்மா. வலி தெரியாது."

"ரெண்டு பக்கமும் வாணாம். ஒரு பக்கம் போதும். மாடு ரெண்டு பக்கமுமா ஒரே நேரத்துல அசை போடுது?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அப்புறம், ஒரு பக்கம் முதலில் செய்யலாம், தப்பில்லை என்றார். நான் குறித்துக்கொண்டு போயிருந்த பத்தொன்பது கேள்விகளில் பதினான்கைக் கேட்டேன். பதினைந்தாவதுக்கு வாயைத் திறந்தபோது இவள் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

வெளியே வந்ததும், "அந்தக் காசுக்கு ஒரு கறவ மாடு வாங்கலாம்" என்றாள்.

"மாடு என் எதுர்ல உக்காந்து சாப்பிடாது" என்றேன்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் எனக்கு விட்டுக்கொடுத்தாள்.

ஆனால் உடனே செய்ய முடியவில்லை. அவளுக்குச் சர்க்கரை. மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற சோதனையில் ஒன்பதுக்கு மேல் வந்தது. அது ஏழு பக்கம் இறங்கினால்தான் புண் ஆறும், எலும்பு பிடிக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரையை மாற்றினார்கள். தினமும் காலையில் ஏரிக்கரையில் நடந்தோம். மதகிலிருந்து மதகு வரை போய்வர ஐயாயிரத்து நானூறு அடி, என் காலால். அவள் காலுக்கு ஆறாயிரத்துச் சொச்சம் வரும். ஆனாலும் அவள்தான் முன்னே போவாள். எதிரே வருகிறவர்களையெல்லாம் நிறுத்திப் பேசுவாள். "இன்னாக்கா, காலங்காத்தால புருஷனை இழுத்துக்கினு போறே?" என்று ஒருத்தி கேட்டால், "பல்லு வைக்கப் போறேன், அதுக்கு நடக்கச் சொன்னாங்க" என்பாள். பல் வைப்பதற்குக் கால் எதற்கு என்று அவர்களுக்குப் புரியாது. அதை விளக்கி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். மூன்று மாதம் கழித்துச் சோதனையில் ஏழு புள்ளி ஒன்று வந்தது. நான் ஏழு எதிர்பார்த்தேன். அந்தப் புள்ளி ஒன்றை நினைத்து அன்று எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. டாக்டர் அதுவே போதும் என்றார்.

ஸ்குரு வைத்த அன்று நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். தரையில் நீளவாக்கில் பதினாறு ஓடுகள், அகலவாக்கில் ஒன்பது. உள்ளே துளை போடுகிற சத்தம் இரண்டு தடவை கேட்டது. இரண்டு ஸ்குருதானே என்று நிம்மதியாக இருந்தேன். மூன்றாவது தடவை கேட்டதும் எழுந்து கதவைத் தட்டிவிட்டேன். செவிலிப் பெண் எட்டிப் பார்த்து, "ஐயா, கொஞ்சம் கொஞ்சமாத்தான் துளை போடுவாங்க, நீங்க உக்காருங்க" என்றாள். ஒரு மணி நேரத்தில் இவள் வந்தாள், வலது கன்னம் உப்பி, வாயில் பஞ்சோடு. எதுவும் பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஓரிக்கைப் பாலம் வரை பேசவில்லை. அங்கே, ஆற்றில் தண்ணீர் போவதை எனக்குக் கையால் காட்டினாள்.

அதற்கப்புறம் காத்திருக்க வேண்டிய மாதங்கள். இங்கேதான் நான் இன்னொரு தப்புச் செய்தேன். அப்போது அது தப்பு என்று தெரியவில்லை. கேட்டு எழுதியதால்தானே எட்டு மாதம் ஏமாந்தேன்? இனிப் பார்த்தே எழுதுவது என்று முடிவு செய்தேன். தினமும் காலை காபிக்கு முன்னால் டார்ச் விளக்கோடு போய் நிற்பேன்.

"வாயைத் திற."

திறப்பாள். ஈறுக்கு மேலே இரண்டு உலோக மூடிகள் பித்தான்கள் மாதிரி தெரியும். சிவந்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் உண்டா என்று பார்த்து டைரியில் எழுதுவேன். சாப்பிடும்போதும் போய் நிற்பேன். இடது பக்கம் பல்லே இல்லை, வலது பக்கம் மெல்லவும் கூடாது. என்ன செய்கிறாள் என்று தெரிய வேண்டாமா? கஞ்சியையும் மசித்த சோற்றையும் அவள் விழுங்க விழுங்க எண்ணுவேன்.

"ஆடுதா?"

"ஆடல."

"நாக்கால தள்ளிப் பாத்தியா?"

"டாக்டரம்மா தொடக் கூடாதுன்னுச்சி. நட்டு வச்ச தென்னம்புள்ளையைத் தெனம் புடுங்கி வேரைப் பாப்பீங்களா நீங்க?"

பதினோரு நாள் வாயைத் திறந்தாள். பன்னிரண்டாம் நாள் டார்ச்சைக் கையிலிருந்து வாங்கி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். "தானமா வந்த மாட்டையே பல்லைப் புடிச்சிப் பாக்கக் கூடாதும்பாங்க. நான் தாலி கட்டிக்கினு வந்தவ" என்றாள். நான் விட்டேனா? விளக்கில்லாமல் பார்த்தேன். பேசும்போது பார்த்தேன், கொட்டாவி விடும்போது பார்த்தேன். என் கவலையெல்லாம் அந்த இரண்டு ஸ்குரு மேலேயே இருந்தது.

நான்கு மாதம் ஆனதும் படம் எடுத்துப் பார்த்து, எலும்பு நன்றாகப் பிடித்துவிட்டது என்றார் டாக்டர். அளவு எடுத்தார்கள். பத்து நாளில் மூன்று பற்களும் வந்து மாட்டிக்கொண்டன. டாக்டர் கொடுத்த மெல்லிய நீலக் காகிதத்தைக் கடித்துக் கடித்துக் காட்டினாள். கடைசியில், "இப்ப கடிங்கம்மா, எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"வூட்டுக்கு விருந்தாளி வந்தா மாதிரி கீது" என்றாள். "போகப் போகப் பழகிடும்."

அடுத்த நாள் மதியம் ஒரு மணிக்கு மேசையைத் துடைத்து வைத்தேன். இரண்டு தட்டு வைத்தேன். அவள் பரிமாறினாள். தன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

மிக்ஸி ஓடவில்லை. மெல்லுகிறாள் என்பது தெரிந்தது. முதல் நாள்தானே, கூச்சமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் நாளும் போனாள். மூன்றாம் நாள், நான்காம் நாள். பல் வந்துவிட்டது, அவள் வரவில்லை. வைத்த பல் நன்றாக இருக்கிறதா என்று ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் அவள் சிரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். பதினோரு வருடம் உட்கார்ந்ததே எனக்காகத்தானோ, அவளுக்குத் தனியாகச் சாப்பிடுவதுதான் இஷ்டமோ என்றெல்லாம் யோசனை ஓடியது. ஒன்பதாம் நாள் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறைக்கே போனேன். அவள் பலகையில் உட்கார்ந்திருந்தாள். மேடைமேல் சாய்ந்து நின்றபடி கேட்டேன்.

"இன்னும் இன்னா கொறை? பல்லு சரியில்லையா?"

"பல்லு நல்லாத்தான் கீது."

"அப்புறம்?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாயில் போடவில்லை.

"பாருங்க, இப்பகூட வாயைத்தான் பாக்கறீங்க" என்றாள்.

நான் கண்ணை எடுத்தேன்.

"முன்னல்லாம் நான் பேசுனா மொகத்தைப் பாப்பீங்க. இந்த அஞ்சாறு மாசமா வாயைத்தான் பாக்கறீங்க. நான் முழுங்கறதை எண்றீங்க, எனக்குத் தெரியாதா? உதடு அசையுது உங்களுக்கு. எதுர்ல உக்காந்தா எனக்குச் சோறு எறங்குமா? பல்லு இல்லாதப்ப உங்களுக்கு எறங்காதேன்னு இங்க வந்தேன். பல்லு வந்தப்புறம் எனக்கு எறங்கல."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வருகிறது, துணியை எடுங்கள் என்பதுபோலத்தான் சொன்னாள். பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் எட்டு மாதம். பார்க்கக் கூடாததைப் பார்த்துப் பார்த்து ஐந்து மாதம். இனிப் பார்க்கவில்லை என்று வாயால் சொல்லலாம். அதை நானே நம்ப மாட்டேன். எழுபது வயதுக்கு மேல் கண்ணுக்கு எப்படிக் கட்டளை போடுவது?

அன்று சாயங்காலம் மேசையை இழுத்துச் சுவரோரம் போட்டேன். எதிரே இருந்த நாற்காலியைத் தூக்கி என் நாற்காலிக்குப் பக்கத்தில், வலது கைப் பக்கமாக வைத்தேன். இரண்டும் ஜன்னலைப் பார்த்தபடி. பஸ் சீட் மாதிரி இருந்தது. உட்கார்ந்து பார்த்தேன். நேராக இருந்தால் ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரமும் பக்கத்து வீட்டு வைக்கோல் போரும் தெரிந்தன. கழுத்தைத் திருப்பினாலொழியப் பக்கத்தில் இருப்பவர் தெரியமாட்டார். அப்படியே திருப்பினாலும் வைத்த பல் அந்தப் பக்கம்.

மறுநாள் ஒரு மணிக்கு அவள் பரிமாறிவிட்டு, தட்டோடு சமையலறை வாசலில் நின்றாள்.

"இன்னாங்க இது, டவுன் பஸ்ஸு மாதிரி?"

"ஜன்னல் சீட்டு ரெண்டு. எதுல வேணும்னாலும் உக்காரு."

அப்புறம் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. தட்டு மேசையில் உட்கார்ந்தது. நான் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பில் முருங்கைக்காய் போட்டிருந்தாள். அப்புறம் முருங்கைக்காயைக் கடித்து இழுக்கிற சத்தம் கேட்டது. மெதுவாக மெல்லுகிற சத்தம். சக்கையைத் தட்டோரத்தில் வைக்கிற சத்தம்.

"அந்த வைக்கோப் போர் கீதே," என்றாள், "அது யாருதுன்னு நெனைக்கறீங்க?"

"பக்கத்து வூட்டுக்காரருது."

"பாதிதான் அவருது. மீதி அவரு மச்சானுது. ரெண்டு பேருக்கும் பேச்சு கெடையாது, ஆனா போர் மட்டும் ஒண்ணா போட்டு வச்சிருக்காங்க. எப்படின்னு கேளுங்க."

"எப்படி?"

"சொல்றேன்" என்றவள், அடுத்த முருங்கைக்காயைக் கடித்தாள். கதை நின்றது. என் கழுத்து தானாகத் திரும்பியது.

"நேராப் பாத்துச் சாப்பிடுங்க," என்றாள். "மெல்ல வாணாமா நான்?"